ஆடுகளின் குடற்புழுவும் மருந்தைக் காக்கும் முறையும்

நமது சங்க அங்கத்தினர்களில் பலர் தறிக்கும் கழனிக்கும் துணையாக நாலைந்து ஆடுகளை வளர்த்து வருகின்றனர். அவசரச் செலவு நேரும்போது கைகொடுப்பவை அவ்வாடுகளே. மழைக்காலத்தில் அவற்றுட் சில மெலிந்து, தாடையின் கீழ் நீர் கோத்து, திடீரென மடிவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம் குடற்புழுவே. எல்லா ஆடுகளுக்கும் அடிக்கடி மருந்து புகட்டினால் போதும் என்று கருதுவோர் உளர். அப்பழக்கம் நாளடைவில் மருந்தையே பயனற்றதாக்கிவிடும். அது எவ்வாறு என்பதையும், தக்க வழி யாது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

புழுவின் வாழ்க்கை

செம்மறியாடு, வெள்ளாடு இரண்டையும் வாட்டும் புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழுவாகும். இது ஆட்டின் நான்காவது இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பெண்புழு ஏறக்குறைய ஓர் அங்குல நீளமுள்ளது. இரத்தம் நிறைந்த அதன் சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருக்குழாய் முறுக்கிக் கிடப்பதால், இரு நிற நூலை முறுக்கினாற்போல் தோன்றும்.

ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தமே. ஆயினும் 1,000 புழுக்கள் சேர்ந்தால் 50 மில்லி லிட்டர் ஆகிறது. 15 கிலோ எடையுள்ள குட்டியின் உடலிலுள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 1 லிட்டர்தான்.

ஒரு பெண்புழு நாள்தோறும் 5,000 முட்டைகளுக்குக் குறையாமல் இடவல்லது. அவை புழுக்கையுடன் வெளிவந்து, வெப்பமும் ஈரமும் உள்ள நிலத்தில் பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் நோய் பரப்பும் இளம்புழுக்களாகின்றன. இவ்விளம்புழுக்கள் பனிநீரின் துணைகொண்டு புல்லில் ஏறுகின்றன. ஆடு புல்லை மேயும்போது உட்சென்று, சுமார் மூன்று வாரத்தில் தாமும் முட்டையிடத் தொடங்குகின்றன.

மருந்து தோற்பது ஏன்?

தயாபெண்டஸோல் என்னும் மருந்து 1961-இல் விற்பனைக்கு வந்தது. 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அதற்கு அடங்காத புழுக்கள் காணப்பட்டன. பின்னர் வந்த மருந்துகளுக்கும் இந்நிலை நேர்ந்தது. மருந்து புகட்டும்போது பெரும்பாலான புழுக்கள் மாண்டாலும், அதைத் தாங்கவல்ல சில எஞ்சி நிற்கும். மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்தால் அடுத்த தலைமுறை அந்தச் சிலவற்றின் சந்ததியாகவே அமையும். சில ஆடுகளை மருந்தின்றி விட்டால், அவற்றிலுள்ள சாதாரணப் புழுக்கள் பெருகி, தாங்கவல்லவற்றுடன் கலந்துவிடுகின்றன. மருந்தின் வலிமையும் நீடிக்கிறது.

ஒரு மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி ஒரு சில ஆடுகளிலேயே குடிகொண்டிருக்கும். ஆகவே, அவற்றைக் கண்டறிந்து மருந்து தருவதே அறிவுடைமை.

கண் பார்த்து அறிதல்

இதற்கென 1990-களில் தென் ஆப்பிரிக்காவில் பமாச்சா என்னும் வண்ண அட்டை உருவாக்கப்பட்டது. ஆட்டின் கீழ் இமையைப் பகல் வெளிச்சத்தில் மெல்லத் தாழ்த்தி, உட்புற நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களுடன் ஒப்பிடவேண்டும். நல்ல சிவப்பாயின் மருந்து வேண்டா. வெளிறி வெண்மை படர்ந்திருப்பின் தாமதியாது மருந்து கொடுக்கவேண்டும். இடைப்பட்ட நிறமாயின் குட்டிகள், சினையாடுகள், பாலூட்டும் ஆடுகள் ஆகியவற்றுக்குக் கொடுப்பது நலம். மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை இவ்வாறு பார்த்துவரல் வேண்டும்.

இம்முறை இரத்தம் உறிஞ்சும் புழுக்களுக்கே பொருந்தும். கழிச்சலோ மெலிவோ காணின், புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிச் சோதிப்பது அவசியம்.

மருந்து கொடுக்கையில் கவனிக்கத்தக்கவை

1. ஆட்டை நிறுத்து, எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக. குறைந்த அளவு, புழுவுக்கு மருந்தைப் பழக்குவதாகும். பல மருந்துகளில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அளவு வேறுபடும்.

2. அல்பெண்டஸோலும் பென்பெண்டஸோலும் ஒரே குலத்து மருந்துகள். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது மாற்றமாகாது.

3. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டஸோல் தரலாகாது.

4. மருந்துக்கு முன்னும், 10 முதல் 14 நாட்களுக்குப் பின்னும் புழுக்கையிலுள்ள முட்டைகளை எண்ணச் செய்க. நூற்றுக்கு 95 பங்கேனும் குறையாவிடில் அம்மருந்து வலுவிழந்து வருகிறதென ஐயுறலாம்.

5. மருந்திட்ட பின் குறித்த நாட்கள்வரை பாலையும் இறைச்சியையும் உபயோகித்தலாகாது.

மேய்ச்சலும் நமது கடமையும்

பனி உலர்ந்த பின்னரே ஆடுகளை ஓட்டுக. இளம்புழுக்களிற் பெரும்பாலானவை புல்லின் அடிப்பகுதியிலேயே தங்குவதால், தரையோடு ஒட்ட மேயவிடுதல் ஆகாது. அகத்தி, சூபாபுல் போன்ற மரத்தழைகளைக் கட்டி வைத்து ஊட்டலாம். தீவனமும் நீரும் புழுக்கை படாத உயரத்தில் இருக்கட்டும். சந்தையில் வாங்கிய ஆட்டைத் தனியே கட்டி, சோதித்து, தக்க மருந்தளித்த பின்னரே மந்தையுடன் சேர்க்கவேண்டும். மருந்துக்கு அடங்காத புழு ஊருக்குள் நுழைவது பெரும்பாலும் அவ்வழியேதான்.

மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொது. ஒருவர் ஆடு இட்ட புழுக்கையிலிருந்து எழும் புழுவை மற்றொருவர் ஆடு உண்கிறது. ஆதலின் ஒருவர் மட்டும் ஒழுங்காயிருந்து பயனில்லை. கிராமந்தோறும் அங்கத்தினர்கள் கூடி, ஒரு வண்ண அட்டையையும் ஒரு தராசையும் பொதுவில் வாங்கி, இமை பார்க்கும் நாளைக் குறித்துக்கொள்ளலாம். அதற்காகும் செலவு சிறிது. மருந்து வலுவிழந்த பின் நேரும் நஷ்டமோ பெரிது. வரும் ஐப்பசி மழைக்கு முன்னரே இவ்வேற்பாட்டைத் தொடங்குவோமாக.