கட்டியின் மறைந்த எல்லை

தோலில் தோன்றும் புற்றுநோயை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதாகும். குறைவாக வெட்டினால் நோய் மீண்டும் வரலாம். கூடுதலாக வெட்டினால் நல்ல தோலும் சில வேளைகளில் தசையும் நரம்பும் இழக்கப்படும்.

இத்தீர்மானம் மிகவும் கடினமாகும் அரிய நோய்களுள் ஒன்று டெர்மட்டோபைப்ரோசார்க்கோமா புரொட்டூபெரன்ஸ். ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கே இது ஏற்படுகிறது.

உயிரியல் பாடத்தில் நாம் கற்கும் நிறமூர்த்த விகாரத்துக்கு இது நல்லதோர் உதாரணம். பெரும்பாலான நோயாளரில் 17ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி இணைகின்றன. கொலாஜன் புரதத்துக்கான பரம்பரையலகும் வளர்ச்சிக் காரணி ஒன்றுக்கான பரம்பரையலகும் ஒட்டிக்கொள்வதால், கலங்கள் ஓயாது பிரிகின்றன.

வெளியே தெரிவது மெதுவாக வளரும் ஒரு தடிப்பு மட்டுமே. அதனால் பலர் அதைத் தழும்பென்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். உள்ளேயோ கட்டி, மரவேர் போல மெல்லிய கிளைகளை உட்தோலிலும் கொழுப்பிழையத்திலும் பரப்புகிறது. அவை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நீள்வதில்லை. காந்தப் பரிவுப் படம் கட்டியின் ஆழத்தை அறிய உதவினும், நுண்ணிய கிளைகள் அதில் தெரிவதில்லை.

ஆகவே, கட்டியைச் சுற்றி 2 முதல் 4 சென்ரிமீற்றர் வரை, தசையை மூடும் உறை வரையான ஆழத்தில் வெட்டுவது வழக்கமாயிற்று. முதுகில் இது இயலும். கண்ணிமையருகே 4 சென்ரிமீற்றருக்கு எங்கே போவது? மேலும், அகற்றிய இழையத்தைப் பாண் வெட்டுவது போலத் துண்டுகளாக்கிச் சோதிக்கும்போது, இரு துண்டுகளுக்கிடையே ஒரு கிளை தப்பிவிடலாம்.

இதற்கு மாற்றுவழி, 1930களில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பிரெடெரிக் மோஸ் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்ததாகும். இழையத்தை மெல்லிய படையாக அகற்றி, திசைகளைச் சாயத்தால் குறித்து, அதன் அடிப்பரப்பையும் விளிம்பையும் முழுமையாக நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். புற்றுக்கலம் எஞ்சிய இடத்தில் மட்டும் மீண்டும் வெட்டுவர். இதற்கு நேரமும் விசேட பயிற்சியும் தேவை. ஆயினும் நோய் மீள்வது குறைகிறது. நல்ல தோலும் காக்கப்படுகிறது.

இப்புற்றுநோய் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. எனவே விளிம்பு சுத்தமானால் பெரும்பாலும் குணமே. சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் வெட்ட வேண்டியதும் குறையும். ஆகையால் தோலில் மெல்ல வளர்ந்துகொண்டே போகும் தடிப்பு எதையும் வலிக்கவில்லை என்பதற்காகப் புறக்கணிக்காமல், வைத்தியரிடம் காட்டுவோம்.