ஐப்பசித் தோட்ட வேலை: நாற்றங்காலைக் காத்தல்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கின்றது. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் இளம்பருவத்தில் நிற்கும் காலமும் இதுவே. பாத்தியில் நீர் தேங்குமாயின், நாற்றழுகல் என்னும் பூஞ்சண நோய் பரவும். அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, நாற்றுகள் கூட்டங்கூட்டமாய்ச் சாயும். நாற்றுப் போயின் அப்பருவத்துச் சாகுபடியும் போயிற்று. ஆகையால் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. பாத்தியை அரை அடி உயர்த்திச் சுற்றிலும் வடிகால் வெட்டுக.

2. விதையை நெருக்கித் தூவாது, 5 சென்டிமீட்டர் இடைவிட்ட வரிசைகளில் இடுக.

3. நோய் கண்டவிடத்துப் போர்டோ கலவையை மண் நனைய ஊற்றுக.

கலவை செய்யும் முறை: மயில்துத்தம் 400 கிராமை 20 லிட்டர் நீரில் கரைக்க. சுட்ட சுண்ணாம்பு 400 கிராமை நீற்றி, வேறு 20 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுக. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்தெடுக்க, அதில் செம்பு படியுமாயின் சுண்ணாம்பு போதவில்லை என்றறிந்து, மேலும் சேர்க்க.

இக்கலவையை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். ஆதலின் தனித்தனியே செய்து மீந்ததைக் கொட்டுவதினும், சங்கத்தில் ஒருங்கே கலந்து பங்கிட்டுக்கொள்வதே சிக்கனமாகும்.