பழையதில் எது லாபம்?

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து வீடு எடுக்கும் பிள்ளைகள் பழைய சாமான் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறைத்தோழன் வாங்கினான் என்றும், "சொந்தக்காரங்க வந்தா என்ன நினைப்பாங்க" என்று அம்மா கேட்டாள் என்றும் வாங்குகிறார்கள். நான் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். அந்த அவசரத்தின் விளைவு கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்கிறது.

கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் தைரியமாக வாங்கலாம். மரச்சாமானின் அடிப்பக்கத்தில் ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். மெத்தை வேண்டாம், மூட்டைப்பூச்சி கூடவே வரும். கேஸ் அடுப்பு வாங்கினால் டியூபைப் புதிதாகப் போடுங்கள். என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது கோயம்புத்தூர் கிரைண்டர்தான். பெல்ட் மாற்றலாம், தேய்ந்த கல்லைக் கொத்தலாம். உழைப்பில் அதற்கு ஈடு கிடையாது.

ஃபிரிட்ஜில் ஸ்டார் எத்தனை என்பதோடு எந்த ஆண்டு ஸ்டார் என்றும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து ஸ்டாரும் இன்றைய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட் போய்விட்டது.

பழைய ஸ்பிளிட் ஏசியைத்தான் வேண்டாம் என்கிறேன். "போட்டுக் காட்டினாங்க, ஜில்லுன்னு இருந்துச்சு" என்பார்கள். காயிலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், விற்பதற்கு முன் கேஸ் நிரப்பினால் சில வாரம் ஜில்லென்றுதான் இருக்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஓடிய அவுட்டோர் என்றால் உப்புக்காற்று காயிலை அரித்திருக்கும். கழற்றும் கூலி, மாட்டும் கூலி, செம்புக்குழாய், கேஸ் எல்லாம் விலைக்கு மேல் வரும். மிகப் பழையதில் ஆர்-22 கேஸ் இருக்கும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030-ல் அது ஏறக்குறைய ஒழிந்துவிடும். பழைய ஒன்றரை டன் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். நம் மின்கட்டணமோ யூனிட் கூடக்கூட விகிதமும் ஏறுவது. புதிய இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. பழையதை விற்றவர் அடுத்த மாதம் போனை எடுப்பாரா என்பதே சந்தேகம்.

ஆகவே கேட்ட விலையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் ஓட வைக்கும்வரை ஆகும் மொத்தச் செலவு என்ன, மாதாமாதம் எவ்வளவு கரண்ட் இழுக்கும், கெட்டால் உங்கள் தெருவிலேயே சரிசெய்ய ஆள் உண்டா என்று கணக்குப் போடுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால்தான் அது லாபம்.

அந்தக் கணக்கைப் போடப் பொறுமை வேண்டும். தினம் சமைப்பவருக்குக் கிரைண்டர் தேவை. மெஸ்ஸில் சாப்பிடுபவருக்கு அது இடத்தை அடைக்கும். உங்கள் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், அறைத்தோழனுக்குத் தெரியாது. ஒரு கோடையை ஃபேனோடு கழித்து, பணம் சேர்த்துப் புதிய ஏசி வாங்குங்கள். முதல் சம்பளத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.