மயக்கம் கேட்பது பிழையா?

கேள்வி: சோதனைக்குழாய் சிகிச்சையில் முதல் முறை கருப்பையில் கரு வைத்தபோது வலி பொறுக்கவில்லை. இம்முறை மயக்க மருந்து கேட்கலாமா?
— ஒரு வாசகி, பாகலூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள், சகோதரி. சகிப்பதே தாய்மையின் முதல் தவம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வந்த வார்த்தை, எத்தனையோ பெண்களை வாய் திறவாதபடி செய்துவிட்டது. பெரும்பாலோருக்கு மயக்கமின்றியே சில நிமிஷங்களில் முடிந்துவிடும் இக்காரியம், கருப்பைவாய் குறுகியோ, வளைந்தோ, பழைய சிகிச்சையின் தழும்பால் இறுகியோ இருப்பவர்களுக்குக் கடினமாகிறது. ஆகையால் முதலில் காரணத்தைத் தேடுவதே உத்தமம். முன்கூட்டியே வெறுங்குழாயால் ஒத்திகை பார்க்கவும், அவசியமாயின் கருப்பைவாயைச் சிறிது விரிக்கவும் டாக்டரிடம் கோருங்கள்.

மயக்கம் கருத்தரிக்கும் வாய்ப்பைத் தானாகக் கூட்டிவிடாது. வேதனையைத் தணித்து உடலை அசையாதிருக்கச் செய்வதே அதன் பயன். மயக்க மருந்து நிபுணர் அருகிருக்க வேண்டும்; பொதுவாகத் திட உணவை 6 மணி நேரமும், தண்ணீரை 2 மணி நேரமும் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். கருப்பையின் வளைவு நிமிரும்பொருட்டுச் சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்கு முரணல்லவா எனில், குழாய் வழியாகவும் அதை நிரப்பலாம். அன்று ஓசூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திரும்புகையில் நீங்கள் வண்டி ஓட்டலாகாது. துணையோடு காரில் வாருங்கள்.