கைக்கு ஒரு ‘நல்ல’, கண்ணுக்கு ஒரு ‘நல்ல’

உங்கள் தேசப்பட நூலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையம் இருக்கிறது. அந்த இடத்தில் அளவுகோலை வைத்து நேர் கிழக்காக ஒரு கோடு இழுங்கள். கோடு புதுவைக் கடற்கரையைத் தாண்டி, வங்கக் கடலில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் சென்று, தெற்கு அந்தமான் தீவில் போய் முட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன.

அந்தத் தீவின் கரையோரம் மீனும் ஆமையும் பிடித்து வாழ்ந்த மக்களின் மொழி ‘அகா-பியா’. ‘அகா’ என்பது வாய், நாக்கு தொடர்பானவற்றைக் குறிக்கும் முன்னொட்டு. பெரிய அந்தமான் மக்கள் பேசிய பத்து மொழிகளுள் இது ஒன்று. அத்தீவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆங்கில அதிகாரி இ. எச். மேன் தொகுத்த இதன் அகராதி 1923-இல் நூலாக வெளிவந்தது.

அகராதி என்றால் என்ன? இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு நேரான சொல். அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். ‘தலை’ என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். இம்மொழிகளில் உடலுறுப்பின் பெயர் தனியே நிற்காது. என் தலை, உன் தலை, அவன் தலை என்று யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் உங்கள் தலையைத் தொட்டுக் காட்டி, “இதற்குப் பெயர் என்ன?” என்று கேட்டால், வரும் விடையின் பொருள் ‘உன் தலை’ என்பதாக இருக்கும். அதை அப்படியே ‘தலை’ என்று குறித்துக்கொண்டால் அகராதியின் முதல் வரியே பிழை.

இதைவிடச் சுவையானது ‘நல்ல’ என்னும் சொல். அதன் அடிச்சொல் ‘பேரிங்க’. அதன் முன்னே எந்த முன்னொட்டு வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். கையைச் சுட்டும் ‘உன்’ சேர்ந்து ‘உன்-பேரிங்க’ ஆனால் கெட்டிக்காரன். (நம் ‘உன்’ வேறு; குழம்ப வேண்டாம்.) கண்ணைச் சுட்டும் ‘இக்’ சேர்ந்தால் கூரிய பார்வை உடையவன். ‘அகா-பேரிங்க’ என்றால் மொழிகளில் வல்லவன். தலையையும் நெஞ்சையும் சுட்டும் ‘ஒட்’ சேர்ந்தால் நற்குணம் உடையவன். தமிழிலும் கைராசி, வாய்ச்சாலகம் என்று சொல்கிறோம். ஆனால் நமக்கு அவை ஆங்காங்கே வரும் சொற்கள். அவர்களுக்கோ உடலே இலக்கணமாக இருந்தது.

உயிரற்ற பொருள்களுக்கும் இதே கணக்குதான். ‘யோப்’ என்றால் மென்மை, குழைவு. பஞ்சு மெத்தை ‘ஒட்-யோப்’, அதாவது தலைபோல் உருண்டு மெத்தென்றிருப்பது. கூராகச் சீவிய குச்சி ‘அகா-யோப்’. விழுந்து உளுத்த மரம் ‘ஆர்-யோப்’. இவை மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைத் தேட முடியுமா?

இத்தகைய அன்றாடச் சொற்களைக் கொண்டுதான் மொழிகளின் உறவை ஆராய்கிறார்கள். கண், நீர், கல், இரண்டு போன்ற சொற்களை மக்கள் எளிதில் கடன் வாங்குவதில்லை. தமிழில் ‘கண்’, தெலுங்கில் ‘கன்னு’, கன்னடத்தில் ‘கண்ணு’. ஆயினும் ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. தமிழின் ‘எட்டு’ ஆங்கிலத்தின் ‘எயிட்’டைப் போல ஒலிக்கிறது, இது வெறும் தற்செயல். பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலி மாறி வந்தால்தான் உறவு என்று கொள்ளலாம். 1971-இல் ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர், அந்தமான் மொழிகளும் நியூகினித் தீவின் பாப்புவா மொழிகளும் ஒரே குடும்பம் என்றார். அவர் காட்டிய சொல் ஒற்றுமைகள் இந்தச் சோதனைக்குத் தாங்கவில்லை. பெரும்பாலான மொழியியலார் அக்கருத்தை ஏற்கவில்லை. இன்னும் நிறையச் சொற்கள் கிடைத்திருந்தால் விவாதத்தைத் தொடரலாம். யாரிடம் போய்க் கேட்பது?

1858-இல் ஆங்கிலேயர் அங்கே கைதிகள் குடியிருப்பை அமைத்தனர். அப்போது பெரிய அந்தமான் மக்கள் சுமார் 5,000 பேர் இருந்தனர் என்பது மதிப்பீடு. அம்மை முதலிய புதிய நோய்கள் பரவின. 1901-இல் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். அகா-பியா பேச ஒருவருமில்லை. பின்னாளில் மொழியியலாளர் அன்விதா அப்பி, எஞ்சியிருந்த முதியவர்களுடன் உட்கார்ந்து வடக்குத் தீவின் மொழிகளைப் பதிவு செய்தார். அவரது அகராதி 2012-இல் வந்தது. அவருக்குச் சொற்களைத் தந்தவர்களுள் ஒருவரான போவா என்னும் மூதாட்டி, போ மொழியைப் பேசிய கடைசி மனிதர், 2010 ஜனவரி 26-இல் காலமானார். உடன்பிறந்தாரை இழந்தவரைக் குறிக்க அம்மக்களிடம் ‘ரவ்புச்’ என்றொரு சொல் இருந்தது. கணவனை இழந்தவளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் நம்மிடம் பெயர் உண்டு, இதற்கு இல்லை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் வயதில் மூத்தவரிடம் ‘நல்ல’ என்ற சொல்லை எங்கெங்கே, எந்தெந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நல்ல பாம்பு, நல்ல தண்ணீர், நல்லெண்ணெய், ‘நல்ல மழை’ எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நேரான சொல் எழுதிப் பாருங்கள். ஒரே சொல் எத்தனை இடங்களுக்குப் பொருந்துகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.