கரமனையாறும் தலைநகரின் நீர்வழிகளும்

அகத்தியமலைத் தொடரில் தோன்றும் கரமனையாறு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடிக் கோவளத்திற்கு அருகே அரபிக் கடலில் கலக்கிறது. திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம் இதுவே. அருவிக்கரையில் நீர் தேக்கி, 1933-இல் குழாய்வழி விநியோகம் தொடங்கப் பெற்றது. பெருகிய தேவைக்கென 1983-இல் மேலே பேப்பாறை அணை எழுந்தது.

நகரம் நீரை எடுப்பது மேலே. கழிவை விடுவது கீழே. நெடுமங்காட்டுப் பக்கமிருந்து வரும் கிள்ளியாறு நகரின் அழுக்கைச் சுமந்தே கரமனையாற்றை அடைகிறது. ஆதலின், குழாயைத் திறப்பவருக்கு ஆற்றின் கேடு தெரிவதில்லை. மாசின் செலவைச் செலுத்துவோர் கீழ்க்கரைவாசிகளே. பொருளியல் பாடநூல்களுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

நகரின் நடுப்பகுதியோ இவ்வாற்றுக்கு வடிவதன்று. அதன் மழைநீர் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடையின் வழியே வடமேற்கில் ஆக்குளம் காயலுக்குச் செல்கிறது. தம்பானூரில் அவ்வோடை இரயில் நிலையத்தின் அடியில் சுரங்கமாக ஓடுகிறது. அங்கே குப்பை அடைத்தால் தம்பானூர் வெள்ளக்காடாகும். 2015-இல் ஆக்கிரமிப்புகளை அகற்ற 'ஆபரேஷன் அனந்தா' மேற்கொள்ளப்பட்டது. எனினும் அடைப்பு நீங்கவில்லை. 2024 ஜூலையில், குப்பையை அகற்ற அச்சுரங்கத்தில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார்; அவரது உடல் மூன்றாம் நாள் நிலையத்திற்கு அப்பால் கிடைத்தது.