நிக்கலும் பாஸ்பரசும்



தீப்பெட்டி இல்லாத வீடு நம் மல்லாங்கிணற்றில் உண்டோ? வானம் பார்த்த பூமியாகிய நம் பகுதியில் மழை பொய்த்த ஆண்டுகளில், கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த குடும்பங்கள் பல. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்தில்தான் பாஸ்பரஸ் இருக்கிறது. அது தனித்திருக்கும்போது எப்படி, நிக்கல் என்னும் உலோகத்தோடு சேரும்போது எப்படி என்று நாம் இங்கே காண்போம்.

1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிங் பிராண்ட், சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரசைக் கண்டார். இருளில் ஒளிவிட்ட அப்பொருள் வெண்பாஸ்பரஸ். இதன் மூலக்கூறில் நான்கு அணுக்கள் நெருக்கியடித்து, வளைந்த வில்போல் விறைப்பாக நிற்கின்றன. ஆகவே ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்திலேயே காற்றில் தானாகத் தீப்பற்றும். நம் சித்திரை வெயிலே போதும்! அதனால் அதை நீருக்கடியில் வைப்பார்கள்.

முற்காலத்தில் இதைக் கொண்டே தீக்குச்சி செய்தனர். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களின் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் நம் வயதுச் சிறுமியரும் இருந்தனர். 1906இல் பெர்ன் நகரில் இப்பொருளை விலக்க உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவிலும் 1913இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியது அதற்குப் பிறகே. எனவே நம் அப்பத்தாமார் கையாண்டது தீங்கு குறைந்த செம்பாஸ்பரஸ். எங்கோ இயற்றிய ஒரு சட்டம் அவர்கள் தாடையைக் காத்தது.

இனி நிக்கல். ஜெர்மன் சுரங்கத்தார் ஒரு செந்நிறத் தாதுவிலிருந்து தாமிரம் எடுக்க முயன்று தோற்றனர். குட்டிச்சாத்தானின் வேலை என்று அதற்குப் பேரிட்டனர். அப்பெயரே நிக்கல் ஆயிற்று. 1751இல் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் அதைத் தனி உலோகமென்று காட்டினார்.

இவ்விரண்டும் சேர்ந்தால் கிடைப்பவை நிக்கல் பாஸ்பைடுகள். சேரும் அணுக்களின் விகிதத்துக்கேற்ப இவை பல வகைப்படும். ஒரு வகையில் மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. அதில் ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவையும் ஒன்பது நிக்கல் அணுக்கள் சூழ்ந்து நிற்கின்றன. சாதாரண வெப்பத்தில் இது தீப்பற்றாது, நீரில் கரையாது, கடினமானது, மின்சாரத்தையும் கடத்தும். முன்பு எரிந்த அதே பாஸ்பரஸ்தானா இது!

இதன் பெரும்பயன் முலாம் பூசுவதில் உள்ளது. 1946இல் அமெரிக்காவில் பிரென்னர், ரிடெல் என்னும் இருவர் மின்சாரமின்றி முலாம் பூசும் முறையை வெளியிட்டனர். நிக்கல் சல்பேட்டும் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டும் கலந்த கரைசலைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கி இரும்புப் பொருளை முக்கினால், நிக்கலும் சிறிது பாஸ்பரசும் அதன்மேல் படியும். மின்முலாம் ஓரங்களில் தடித்தும் குழிகளில் மெலிந்தும் படியும். இதுவோ எங்கும் ஒரே சீராகப் படியும். பிறகு 400 டிகிரி அளவில் சூடேற்றினால் நாம் மேலே கண்ட பாஸ்பைடு படிகங்கள் உள்ளே தோன்றிப் பூச்சு மிகக் கடினமாகும். குழாய் வால்வுகளும் இயந்திரப் பகுதிகளும் துருப்பிடிக்காமல், தேயாமல் உழைக்கும். இத்தகைய துறைகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது.

மற்றொரு பயனும் உண்டு. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதில், விலையுயர்ந்த பிளாட்டினத்தின் வேலையை ஒரு நிக்கல் பாஸ்பைடு செய்யக்கூடும் என்று 2013இல் அறிந்தனர்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. நிக்கல் உப்புகள் தோலில் அரிப்பு உண்டாக்கும். அவற்றின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் புற்றுநோயும் வரலாம். முலாம் பூசிய கழிவுநீரை அப்படியே கண்மாயில் விட்டால், அரிதாய்க் கிடைக்கும் தண்ணீரை நாமே கெடுத்தவர்களாவோம்.

தோழியரே, பொருளின் குணம் அது சேரும் துணையைப் பொறுத்தது. அக்குணத்தை அறியாமல் கையாண்டதற்குச் சிறுமியர் பலர் விலை கொடுத்தனர். அவ்விலையை இனி எவரும் கொடுக்காதிருக்க, நாம் கருத்தாய் இரசாயனம் கற்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி